பரங்கிப்பேட்டையும் பல்துறைக் கல்வியும்

கடலூர் மாவட்டத்தின் தென்பகுதியில் மூன்று ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. வெள்ளாறு கடலோடு கலக்குமிடத்தில் பரங்கிப்பேட்டை; அங்கிருந்து சிறிது தொலைவில் சிதம்பரமும் அதனை ஒட்டிய அண்ணாமலைநகரும்; இன்னும் மேற்கே சென்றால் வீராணம் ஏரியை அடுத்த லால்பேட்டை. முதலாவது, மரைக்காயர் கப்பல்கள் வந்து சென்ற பழந்துறைமுகம். இரண்டாவது, தென்னாட்டின் பழம்பெரும் பல்கலைக்கழகங்களுள் ஒன்றனைக் கொண்ட நகர். மூன்றாவது, ஆலிம்கள் பலரை உருவாக்கிய மன்பவுல் அன்வார் அரபுக் கல்லூரியின் ஊர். கடல், பல்கலைக்கழகம், மத்ரஸா என்னும் இம்மூன்றும் இவ்வளவு அண்மையில் அமைந்திருப்பது தமிழகத்தில் வேறெங்கும் எளிதில் காண்பதற்கரியது. ஆயினும் இம்மூன்றின் அறிவும் ஒரே மாணவனின் உள்ளத்தில் ஒன்றுகூட நம் கல்விமுறை எந்த அளவு இடம் கொடுத்தது என்னும் வினாவே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல்.

இவ்வினா இப்பொழுது எழுவதற்குக் காரணம் உண்டு. ஒரே துறையில் அடைபடாமல் இலக்கியம், வரலாறு, அறிவியல், பொருளியல் ஆகியவற்றைக் கலந்து பயிலும் பட்டப்படிப்பு என்ற ஒன்று இந்நாட்டில் பெரிதாகப் பேசப்படுகிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அதனை ஒரு கொள்கையாகவே அறிவித்தது. தமிழ்நாட்டு அரசு அக்கொள்கையை எதிர்த்து வந்துள்ளது; அவ்வழக்கினுள் நாம் புக வேண்டியதில்லை. வடக்கே சில தனியார் பல்கலைக்கழகங்கள் இத்தகைய படிப்பை நடத்துகின்றன. அங்கே கட்டணத்தைக் கேட்டால் நடுத்தரக் குடும்பத்துத் தந்தை மறுபேச்சின்றித் திரும்பிவிடுவார். நம் இல்லங்களில் பிள்ளை இப்படியொரு படிப்பைப் பற்றி வாய் திறந்தால், 'இதைப் படித்துவிட்டு எங்கே வேலைக்குப் போவாய்?' என்று தாயார் கேட்பார். 'துபாயில் இதற்கு என்ன மதிப்பு?' என்று மாமா கேட்பார். இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் இந்தப் படிப்பு மேல்நாட்டிலிருந்து நேற்று இறக்குமதியான சரக்கு என்று எண்ணி ஒதுக்குவது மட்டும் வரலாற்றுக்குப் பொருந்தாது.

'மாலுமி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். இன்று எந்தத் தமிழ்ச் சிறுவனும் அறிந்த சொல். இது 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லின் திரிபு. அதன் பொருள் ஆசிரியர் என்பதாகும். பள்ளிவாசலில் குர்ஆன் ஓதிக்கொடுப்பவருக்கும் நடுக்கடலில் கப்பலுக்கு வழிகாட்டுபவருக்கும் அரபுலகம் ஒரே பெயரை வழங்கியது. காரணமின்றி அன்று. விண்மீன்களின் உயரத்தை அளக்கவும், பருவக்காற்றின் போக்கைக் கணிக்கவும், கடலின் ஆழத்தையும் நிறத்தையும் பறவைகளின் வரவையும் கொண்டு கரையின் அண்மையை உணரவும், துறைமுகத்து மொழியும் வழக்கமும் அறிந்து பேசவும் வல்லவனே முஅல்லிம் எனப்பட்டான். பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அஹ்மத் இப்னு மாஜித் அவர்கள் கடற்பயணக் கலையைப் பற்றி உரைநடையிலும் செய்யுளிலும் எழுதினார். விண்ணியலையும் நிலநூலையும் யாப்பில் அமைத்துப் பாடிய கப்பலோட்டி அவர்! அவரை எந்தத் துறையின்கீழ்ச் சேர்ப்பது என்று இன்றைய பல்கலைக்கழகப் பதிவாளர் ஒருவரைக் கேட்டால் திகைத்துப்போவார். சுக்கான் என்ற சொல்லும் அரபியிலிருந்தும், நாகுதா என்ற சொல் பாரசீகத்திலிருந்தும் நம் கடற்கரைக்கு வந்தவையே. சொற்கள் தனியே வருவதில்லை. அவற்றோடு ஓர் அறிவுமரபும் கரையேறியது.

அம்மரபுக்கு இலக்கணம் வகுத்தவர்களும் நம்மிடையே இருந்தனர். பத்தாம் நூற்றாண்டில் அல்-ஃபாராபி அவர்கள் 'இஹ்ஸாஉல் உலூம்' என்னும் நூலில் மொழியியல், தருக்கம், கணிதம், இயற்கையியல், இறையியல், அரசியல், ஃபிக்ஹு, கலாம் என அறிவுத்துறைகளை எல்லாம் வரிசைப்படுத்தி, ஒன்றுக்கு மற்றொன்று எவ்வாறு துணை நிற்கிறது என்று காட்டினார். கணிதத்தினுள்ளே அவர் இசையையும் வைத்தார். இந்நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய அறிஞர்களின் கைக்குச் சென்றது. இலக்கணம், அணியியல், தருக்கம், எண்கணிதம், வடிவகணிதம், இசை, வானியல் என்னும் ஏழு கலைகளையும் சுதந்திர மனிதனுக்குரிய கல்வி என்று ஐரோப்பா போற்றியது. இன்றைய மேல்நாட்டுப் பல்துறைப் பட்டத்தின் வேர் அந்த ஏழில் இருக்கிறது. அந்த வேருக்கு நீர் ஊற்றிய கைகளுள் ஃபாராபியின் கையும் ஒன்று.

இனித் தமிழ்நாட்டிற்கு வருவோம். உமறுப்புலவர் அவர்களின் சீறாப்புராணம் 5027 செய்யுட்களைக் கொண்ட காப்பியம் என்பதை இவ்விதழின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அது உருவான முறைதான் நம் பொருளுக்கு இன்றியமையாதது. புலவர் எட்டயபுரத்தில் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயின்றவர். கம்பனும் சிந்தாமணியும் அவருக்குக் கைவந்திருந்தன. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்க்கை வரலாற்றுச் செய்திகளோ அரபு நூல்களில் இருந்தன. வள்ளல் சீதக்காதியின் வேண்டுகோளின்படி அவர் மார்க்க மேதை சதக்கத்துல்லா அப்பா (ரஹ்) அவர்களை அணுகினார் என்றும், புலவரின் தோற்றத்தைக் கண்டு அப்பா அவர்கள் முதலில் தயங்கினார்கள் என்றும், பின்னர் இசைந்து வழிசெய்தார்கள் என்றும் மரபு கூறுகிறது. சீதக்காதி மறைந்தபின் காப்பியத்தைத் தொடரத் துணை நின்றவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். காப்பியத்தின் உள்ளேயே புலவர் அவரை நன்றியோடு போற்றியிருக்கிறார்.

தமிழ்ப்புலவர் ஒருவர், அரபு ஆலிம் ஒருவர், கடல் வணிகர் ஒருவர். இம்மூவருள் ஒருவர் இல்லையென்றாலும் சீறா இல்லை. அந்தத் தயக்கமும் எண்ணிப்பார்க்கத் தக்கதே. ஒரு துறையின் மேதை மற்றொரு துறையின் மேதையைக் கண்டு முதலில் ஐயுறுவது இயல்பு. ஐயத்தைக் கடந்து பேசத் தொடங்கியதனால்தான் நமக்கு ஒரு காப்பியம் கிடைத்தது.

இப்பொழுது சிதம்பரத்திற்கு வருவோம். இராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் அவர்கள் 1920இல் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். தமிழுக்கும் வடமொழிக்கும் தனித்தனிக் கல்லூரிகள் அதனை அடுத்து எழுந்தன. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் அங்கே மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராகச் சில ஆண்டுகள் பணியாற்றினார். 1928ஆம் ஆண்டின் சட்டப்படி இவை ஒன்றிணைந்து 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆயின. சென்னைப் பல்கலைக்கழகம் பல ஊர்க் கல்லூரிகளுக்குத் தேர்வு நடத்தும் அமைப்பாகப் பரவியிருந்த காலத்தில், மாணவரும் ஆசிரியரும் ஒரே வளாகத்தில் தங்கிப் பயிலும் பல்கலைக்கழகமாக இது அமைந்தது. தமிழ், வடமொழி, இசை, வரலாறு, தத்துவம், கணிதம், இயற்பியல் என எல்லாம் ஒரே நிழலில் கூடின. பல்துறைக் கல்விக்கு இதைவிட நல்ல களம் வேண்டுமா?

அக்களத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931இல் பொறுப்பேற்றவர் யார் என்பது எண்ணி வியத்தற்குரியது. ஈழத்து மட்டக்களப்புப் பகுதியில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் அவர்கள் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர். அதே வேளையில் இலண்டன் பல்கலைக்கழகத்து அறிவியல் பட்டதாரி. 1933 வரை சிதம்பரத்தில் இருந்தார். பழந்தமிழர் யாழ் எப்படி இருந்தது, அதன் நரம்புகள் எந்த அளவில் ஒலித்தன என்று சிலப்பதிகாரத்தின் வரிகளையும் ஒலியியலின் கணக்கையும் ஒருசேர வைத்து ஆராய்ந்தார். அதன் பயனாகிய 'யாழ் நூல்' 1947இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். தமிழ் மட்டும் படித்தவருக்கு அந்நூலை எழுத இயன்றிராது; இயற்பியல் மட்டும் படித்தவருக்கு எழுதத் தோன்றியே இராது. இசையைக் கணிதத்தினுள் வைத்த ஃபாராபி அவர்கள் அந்நூலைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார் என்று எண்ணுவதில் தவறில்லை.

நமக்கும் விபுலாநந்தருக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர் ஆனார் அவர். அங்கே அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர் ம. மு. உவைஸ். தமிழிலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டினைப் பற்றி உவைஸ் ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வு 1953இல் நூலாகியது. பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழிலக்கியத்திற்கென அமைந்த பேராசிரியர் இருக்கையை அவர் அணி செய்தார். சிதம்பரத்தில் ஒளிர்ந்த ஒரு விளக்கு கொழும்பு வழியாக நம் வீட்டிற்கும் வெளிச்சம் தந்தது.

ஆனால் விபுலாநந்தர் தம் பல்துறை அறிவை எந்தப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தாலும் பெறவில்லை. பண்டிதத் தேர்வை ஓரிடத்திலும் அறிவியல் பட்டத்தை மற்றோரிடத்திலும் தம் சொந்த உழைப்பால் பெற்றார். வளாகம் ஒன்றாக இருந்தும் அதனுள் சுவர்கள் இருந்தன. வித்துவான் பட்டத்திற்குப் படித்தவர் ஒரு பக்கம், பி.ஏ. ஆனர்ஸ் படித்தவர் மறுபக்கம். சென்னை மாகாணம் முழுவதிலும் தமிழாசிரியருக்குப் பிறதுறை ஆசிரியருக்கு நிகரான ஊதியமோ மதிப்போ நெடுங்காலம் கிடைக்கவில்லை. நம் அரபு ஆசிரியர்களின் நிலையும் அதுவே. சென்னைப் பல்கலைக்கழகம் 'அஃப்ஸலுல் உலமா' என்ற பட்டத்தை வழங்கியது. அது கீழ்த்திசைப் பட்டம் என்ற தனித் தட்டில் வைக்கப்பட்டது. அதைப் பெற்றவர் பி.ஏ. பட்டதாரியோடு ஒரே வரிசையில் நிற்க முடியவில்லை.

இதனினும் வருந்தத்தக்க ஒரு சுவர் உண்டு. நம் கல்லூரிகளில் பட்டப்படிப்பின் முதற்பகுதி ஒரு மொழிக்குரியது. தமிழ், அரபி, உருது, வடமொழி, இந்தி, பிரெஞ்சு என்பவற்றுள் கல்லூரி கற்பிக்கும் ஒன்றனை மாணவர் தெரிந்தெடுக்கலாம். தெரிவு செய்யும் உரிமை நல்லதே. ஆயினும் அதன் விளைவைப் பாருங்கள்! அரபியை எடுத்த முஸ்லிம் மாணவன் அன்றோடு தமிழிலக்கியத்திலிருந்து விடைபெறுகிறான். தமிழை எடுத்தவன் அரபியிலிருந்து விடைபெறுகிறான். உமறுப்புலவரும் சதக்கத்துல்லா அப்பாவும் எந்த இரண்டை ஒன்றுசேர்த்தார்களோ, அந்த இரண்டையும் 'இதுவா, அதுவா' என்று நம் பாடத்திட்டம் பிரித்துவிட்டது. சீறாவுக்கு உரை எழுத வேண்டியவனுக்கு இரண்டும் வேண்டும். அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் ஏடுகளைப் படிக்க வேண்டியவனுக்கும் இரண்டும் வேண்டும். அவ்வேடுகள் பல வீடுகளில் பெட்டியடியில் கிடந்து மட்கியதற்கு, படிக்கத் தெரிந்தவர் அருகியதும் ஒரு காரணமன்றோ?

இச்சுவர்களை இடிக்க முயற்சியே நடைபெறவில்லை என்று சொல்லுவதற்கில்லை. விடுதலைக்குப்பின் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு (1948-49), எல்லா மாணவரும் பொதுக்கல்வி பெற வேண்டும் என்றும், அறிவியல் படிப்பவன் மானிடவியல் கலைகளையும் கலை படிப்பவன் அறிவியலையும் அறிந்திருக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 1945இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் வெளியிட்ட பொதுக்கல்வி அறிக்கையின் காற்று அப்பொழுது உலகெங்கும் வீசிக்கொண்டிருந்தது. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் இதில் ஆர்வம் காட்டிய நிறுவனங்களுள் ஒன்று. தமிழ்நாட்டில் நடந்ததோ பெரும்பாலும் மறுதலை. பழைய இண்டர்மீடியட் வகுப்பின் ஈராண்டில் ஆங்கிலம், ஒரு மொழி, மூன்று விருப்பப் பாடங்கள் என்று மாணவன் சற்றே உலவ இடமிருந்தது. 1950களின் நடுவில் அது போய் ஓராண்டுப் புகுமுக வகுப்பு வந்தது. 1978இல் மேனிலைப்பள்ளி முறை வந்தபோது, எந்தத் துறை என்ற முடிவு பள்ளிக்கூடத்துக்கே இறங்கிவிட்டது. பத்தாம் வகுப்பு முடித்த பதினைந்து வயதுப் பிள்ளை 'முதல் குரூப்பா, மூன்றாம் குரூப்பா' என்று தன் வாழ்நாள் முழுமைக்கும் முடிவு செய்கிறது. பிள்ளை முடிவு செய்கிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. முடிவு செய்பவர் பெரும்பாலும் பெரியப்பா.

இந்த அவசரத்தால் நம் சமுதாயம் இழந்தது என்ன என்பதைப் பரங்கிப்பேட்டையை வைத்தே பார்க்கலாம். அவ்வூருக்கு மூன்று பெயர்கள். தமிழில் பரங்கிப்பேட்டை, ஐரோப்பியர் வாயில் போர்ட்டோ நோவோ, முஸ்லிம்களின் வழக்கில் மஹ்மூது பந்தர். மூன்று பெயருக்கும் மூன்று வகை ஆவணங்கள். போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் டேனியரும் ஆங்கிலேயரும் அங்கே வாணிபம் செய்தனர். 1690இல் ஆங்கிலேயர் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் மராட்டியரிடமிருந்து கோட்டையை வாங்கிச் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டனர். கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு சென்று விழும் எல்லைவரை உள்ள ஊர்களெல்லாம் அவர்களுக்கு என்பது ஏற்பாடு. அக்கோட்டையின் ஆலோசனைக் குறிப்புகள் அச்சேறியுள்ளன. 1781 ஜூலை முதல் நாள் பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியின் படையும் சர் அயர் கூட்டின் படையும் பொருதன. 1830ஐ ஒட்டி ஹீத் என்ற ஆங்கிலேயர் சேலத்து இரும்புத் தாதைக் கொண்டுவந்து அங்கே இரும்பாலை நடத்தினார். அதற்கு மரக்கரி தேவைப்பட்டதால் காடுகள் அழிந்தன. இவை அனைத்தையும் ஒருங்கே எழுத வேண்டுமானால் போர் வரலாறு, உலோகவியல், வாணிபக் கணக்கு, மரைக்காயர் குடும்ப வழக்காறு, அரபுக் கல்வெட்டு ஆகிய எல்லாவற்றிலும் ஓரளவேனும் பயிற்சி வேண்டும்.

அவ்வூரிலேயே, வெள்ளாற்றுக் கழிமுகத்தின் கரையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. பேராசிரியர் ஆர். வி. சேஷையா அவர்களின் முயற்சியால் வளர்ந்து உலகப் புகழ் பெற்ற மையம் அது. அதே பல்கலைக்கழகத்தில் மொழியியலுக்கும் உயராய்வு மையம் 1960களில் அமைந்தது. மீனின் பெயரை அறிவியல் மொழியில் அறிந்தவர் ஓரிடத்தில். அதே மீனுக்குக் கரையில் வழங்கும் பெயர்களின் வேரை ஆராய வல்லவர் மற்றோரிடத்தில். காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் விண்மீனுக்கும் கடலோடிகள் வைத்த பெயர்களை இருவரும் கூடி உட்கார்ந்து தொகுத்தால் எத்தகைய செல்வம் கிடைக்கும்!

முன்மாதிரி இல்லாத ஆசை என்று இதனைத் தள்ள வேண்டா. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபி, பாரசீக, உருதுத் துறைத் தலைவராக விளங்கிய டாக்டர் முஹம்மது ஹுசைன் நயினார் அவர்கள், அரபு நிலநூலறிஞர்கள் தென்னிந்தியாவைப் பற்றி எழுதியவற்றைத் தொகுத்து ஆராய்ந்து 1942இல் நூலாக்கினார். அரபி நூல்களில் உருமாறிக் கிடந்த ஊர்ப்பெயர்களைத் தென்னாட்டு ஊர்களோடு பொருத்திப் பார்க்க, அரபி அறிந்த கண்ணும் இந்நாட்டு மண்ணறிந்த காலும் ஒருவரிடமே இருக்க வேண்டியிருந்தது. அவரை அடுத்து அப்படி எத்தனை பேரை உருவாக்கினோம் என்று எண்ணத் தொடங்கினால், ஒரு கைவிரல்கள் போதும் போலிருக்கிறது.

எதிர்வாதத்தையும் மறைக்கலாகாது. பல்துறை என்ற பெயரில் எதிலும் ஆழமின்றி நுனிப்புல் மேயும் பட்டம் ஒன்றைக் கொடுத்துவிடுவார்களோ என்ற அச்சம் வெறும் அச்சமன்று. அப்படி நடப்பதும் உண்டு. விபுலாநந்தரும் ஹுசைன் நயினாரும் பலதுறை அறிந்தவர்கள் என்பதோடு, ஒவ்வொன்றிலும் ஆழ உழுதவர்கள். எனவே பட்டத்தின் பெயரைக் கண்டு மயங்காமல், முதன்மையாக ஒரு பாடத்தில் ஊன்றி நின்று, துணையாக வேறு இரண்டைக் கற்க அங்கே உண்மையில் வகுப்பு நடக்கிறதா என்று பெற்றோர் கேட்டறிதல் வேண்டும். பிழைப்பைப் பற்றிய கேள்விக்கும் விடை உண்டு. சட்டம், இதழியல், அரசுப் பணித் தேர்வு, ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், மொழிபெயர்ப்பு ஆகிய பணிகளுக்குப் பலதுறை அறிந்த மூளை பயன்படும். ஆனால் பட்டம் பெற்ற மறுநாளே சம்பளம் வேண்டும் என்னும் வீட்டுப் பிள்ளைக்கு இவ்வழி கடினமானது. அதையும் சொல்லிவிடுவதே நேர்மை. அத்தகைய வீட்டுப் பிள்ளைகள் வேலை பார்த்துக்கொண்டே பயில 1979இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கிய தொலைதூரக் கல்வி பெரிதும் உதவிற்று. வீட்டைவிட்டு அகலாமல் பயின்ற நம் பெண்மக்களுக்கும் அது வாயில் திறந்தது.

இன்று சூழல் மாறியிருக்கிறது. 2013ஆம் ஆண்டின் சட்டத்தால் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அரசின் முழுப் பொறுப்பில் வந்தது. 2021இல் செய்யப்பட்ட மாற்றத்தால் கடலூர், விழுப்புரம் முதலிய மாவட்டக் கல்லூரிகளும் அதன் இணைப்புக்குள் வந்தன. மேனிலைப்பள்ளி முடித்த மாணவர் நேரே சேரும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த முதுகலை வகுப்புகள் அங்கே நடைபெறுகின்றன. பிற துறைப் பாடங்களையும் விருப்பப் பாடமாக எடுத்துத் தேர்வு மதிப்பில் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது. வரலாறு பயிலும் மாணவி மொழியியலில் ஒரு தாளும் கடல்வாழ் உயிரியலில் ஒரு தாளும் கேட்டுப் பெறுவது முன்னைப்போல் நகைப்புக்குரியதன்று. துறைத் தலைவர் கையெழுத்திடத் தயங்கினால், சதக்கத்துல்லா அப்பா அவர்களும் முதலில் தயங்கியதை அம்மாணவி நினைத்துக்கொள்ளட்டும்.

அரபிதான் இன்னும் வெளியே நிற்கிறது. பட்டப்படிப்பின் முதற்பகுதியில் தமிழோடு அரபியும் அமரும் நாள் வரும்வரை, லால்பேட்டையில் ஓதி முடித்த இளம் ஆலிம் சிதம்பரத்தில் தமிழ் முதுகலை பயில்வதும், சிதம்பரத்தில் தமிழ் படித்தவர் விடுமுறையில் லால்பேட்டைக்குச் சென்று அரபி இலக்கணம் கேட்பதும்தான் நடைமுறைக்கு ஏற்ற வழியாகத் தோன்றுகிறது. இரு ஊர்களுக்கும் இடையே காட்டுமன்னார்கோயில் பேருந்து ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.